குழாய்க்கு ஓர் உறை

அன்புள்ள அம்மா,

அப்பாவின் மீசையில் ஒரு துளி தண்ணீர் நின்றது. தூக்கத்தில் மூச்சு நின்றுவிடாமலிருக்க டாக்டர் கொடுத்த, குழாய் வழியே மூக்கில் காற்றை ஊதும் மெஷினை மாட்டித்தான் இப்போது படுக்கிறார். குளிரில் அதன் குழாய்க்குள் நீர் கோத்து மூக்கில் வடிகிறது.

“தூங்கச் சொல்றியா, முங்கச் சொல்றியா?” என்று கழற்றிப் போடுவார். மூச்சு நிற்கும்போதெல்லாம் நான் தட்டி எழுப்புவேன். மூன்று வாரம் இப்படியே போனது.

நேற்று நீ விட்டுப்போன கம்பளிச் சட்டையை வெட்டிக் குழாய்க்கு உறை தைத்தேன். கோபித்துக்கொள்ளாதே. தண்ணீர் திரும்பி ஓடட்டும் என்று மெஷினையும் கட்டிலைவிடத் தாழ்வாக வைத்தேன்.

“ஏண்டி, குழாய்க்குமா குளிருது?” என்றவர் அப்படியே தூங்கிப்போனார்.

ஒரு சொட்டுகூட வடியவில்லை. மார்பு நிற்காமல் ஏறி இறங்கியது. முதன்முதலாகக் கடலைப் பார்ப்பவள்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு இவ்வளவு பெரியதா, அம்மா!

பிறகு பக்கத்திலேயே பாயை விரித்து நானும் தூங்கினேன்.

உன் சின்னவள்