எட்டாவது குண்டு, மூன்றாவது கமரா

1976 மார்ச் 16, செவ்வாய்

விடியவே வெக்கை. வானொலியில் 36 பாகை என்றார்கள். ட்ராமில் சன்னல் திறக்கவில்லை. சேலையை விட்டுக் கவுன் போட்டது நல்லதாய்ப் போயிற்று.

இன்றைய வேலை: எட்டாவது குண்டுக்கான அட்டை. நாளை பகல் போடுகிறார்கள்.

வேலையைப் பற்றி வீட்டில் எழுதக் கூடாது என்று கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பாதுகாப்பு அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. வீட்டுக்காரர், இவரோ என் கொப்பியைத் தொடமாட்டார். பதினைந்து வயதில் பிடித்த பழக்கத்தை ஒரு கையெழுத்துக்காக விடமுடியுமா.

சொரேனியா நாட்டுக்காரர் ஒரு குண்டு செய்திருக்கிறார்கள். மூக்கில் சின்னதாய் ஒரு ரெலிவிஷன் கண். விமானத்தில் இருப்பவர் இலக்கைக் காட்டிவிட்டால் போதும், எடுப்பாகத் தெரிகிற அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தானே செட்டையைத் திருப்பித் திருப்பிப் போகும். அவர்கள் மொழியில் அதற்கு மீன்கொத்தி என்று பெயராம். சொந்தமாய்ப் பாலைவனம் இல்லாதவர்கள், ஆகவே இங்கே வந்து போட்டுப் பார்க்கிறார்கள். உள்ளே வெடிமருந்துக்குப் பதில் சீமெந்து. நிலத்தில் பெரிய வெள்ளைச் சிலுவை, அதுதான் இலக்கு. தள்ளி மூன்று தகரக் கொட்டில்கள், மூன்று கமரா. பிலிம் மெல்பேர்ணில் எங்கள் கந்தோருக்கு வரும். நானும் பக்கத்து மேசை மொரீனும் தனித்தனியே, ஒவ்வொரு பிரேமாக, அளவுக் கருவியின் இரண்டு சில்லைத் திருகிக் குண்டு எங்கே நிற்கிறது என்று அளந்து எழுதுவோம். கணக்கில் பட்டம் எடுத்ததற்கு இதுவும் ஒரு பயன்.

அட்டை என்பது: குண்டு விழுவதற்கு முதல் நாளே சோதனைத் திடலின் படத்தில் இலக்கை ஊசியால் குத்தி, இருவரும் கையெழுத்திட்டு, உறையில் ஒட்டிவிடுவது. பிலிமைப் பார்த்த பிறகு ஒருவரும் இலக்கை நகர்த்தக் கூடாதாம். நல்ல ஏற்பாடு. சிலுவையின் நடுவில் குத்தினேன்.

ஏழாவது குண்டின் வெறும் பிலிம் டப்பாக்கள் போன கிழமை திரும்பிப் போய்விட்டன. மூன்றாம் கொட்டிலில் கமரா ஓட்டும் கொலினுக்கு வழக்கம்போல ஒரு துண்டுக் கடதாசி எழுதி உள்ளே வைத்தேன். முகம் தெரியாது. டப்பாக்குள் துண்டு வைத்தே பழக்கம். அவனுக்கு நான் 'கே.ரி.', அளவுத் தாளில் போடும் எழுத்து. இதுவும் கூடாதுதான். அவனுடைய கடைசித் துண்டு: "உள்ளே 118 பாகை பரன்ஹைற். சான்ட்விச் தானே வாட்டிக்கொண்டது." நான் எழுதியது: "அப்பா படிப்பித்த பள்ளிக்கூடத்துத் தகரத்துக்கு வெள்ளை அடிப்பார்கள். சூடு இறங்கும். அடித்துப் பார்."

வாங்க: பால், உருளைக்கிழங்கு, குசினிக் குழாய்க்கு வாஷர்.

மார்ச் 18, வியாழன்

நேற்றுப் பின்னேரம் காற்று மாறியது. இன்று 19. கார்டிகன் தேடினால் பொத்தான் இல்லை.

முதலாம், இரண்டாம் கமரா டப்பாக்கள் வந்தன. மூன்றாவது வரவில்லை. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

குண்டு நேராகத்தான் வந்தது. கடைசி ஐந்து விநாடியில் சிலுவையை விட்டு இடப்பக்கம் திரும்பிவிட்டது. மொரீன் 211 மீற்றர், நான் 212. எங்கள் மேலாளர் ஹார்டிங் இன்னும் கஜத்தில் கணக்குப் பார்ப்பவர். இருநூற்று முப்பது கஜம் என்று வாய்க்குள் சொன்னார், கோப்பை ஆறிப்போயிற்று.

சொரேனியாவிலிருந்து வந்திருக்கும் கப்டன் ரூவெக் எங்கள் மேசைக்குப் பின்னால் நின்று பார்த்தார். மரியாதையான மனிதர். பெண்கள் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். இங்கே வேறு யாரும் எழும்புவதில்லை. முந்தைய ஏழும் மூன்று மீற்றருக்குள். எட்டாவது ஏன் இப்படி என்று என்னைக் கேட்டார், நான் வளர்த்த பிள்ளையைக் கேட்பது போல.

தங்கச்சியின் கடிதம். அவளை இங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் பத்திரங்கள் எங்கே என்று கேட்டு நாலு பக்கம். நான் இங்கே வேலை செய்வதாகச் சொல்லும் கந்தோர்க் கடிதம் ஒன்றுதான் பாக்கி. ஹார்டிங்கிடம் கேட்க வேண்டும்.

மார்ச் 19, வெள்ளி

மூன்றாவது டப்பா வந்தது. ஒரு பக்கம் நசுங்கி, மூடி இறுகி. மொரீன் திருப்புளியால் நெம்பித் திறந்தாள். மேலே கொலினின் துண்டு இல்லை.

படிக்கத் தொடங்கினேன். பிரேம் 20: குண்டு ஒரு புள்ளி. எழுதினேன். 21: அதே எண். 22, 23, 24, அதே. சில்லைத் திருக மறந்தேனா என்று பார்த்தேன். இல்லை. 40 வரை அதே எண், புள்ளி மட்டும் பெருத்துக்கொண்டு வந்தது. தாளைக் கொடுத்தேன்.

ஹார்டிங் தாளை மேசையில் போட்டார். "மேல் வரியைப் பாத்துக் கீழ எழுதியிருக்கிறீர்." இது எங்கள் தொழிலின் மகாபாவம். களைத்த வேளையில் எல்லாரும் ஒரு தடவையாவது செய்வது, பிடிபட்டால் வெட்கம். (ஆங்கிலத்தில் நீரா நீங்களா என்று தெரியாது. கேட்க 'நீ' போலத்தான் இருந்தது.)

மொரீன் படித்தாள். அவளுக்கும் அதே எண்கள்.

"ரெண்டு பேரும் கதைச்சு வைச்சு எழுதினியளோ?" என்றார் ஹார்டிங்.

"நீங்களே இருந்து பாருங்கோ" என்றாள் மொரீன். பதினெட்டு வருஷம் வேலை செய்தவள், அவள் சொல்லலாம்.

ஹார்டிங் இருந்தார். பத்து பிரேம் திருகினார். பிறகு கையைச் சில்லிலிருந்து எடுத்துவிட்டார். பக்கவாட்டில் போவதுதான் பிரேமுக்குள் நகரும். நகராமல் பெருத்தால் அது நேரே கமராவுக்கு வருகிறது. பிரேம் 61 முழுக்க இருட்டு. 62இலிருந்து சரிந்த வானம், பிலிம் முடியும்வரை வானம்.

"கொலின் உள்ளையோ?" என்று கேட்டேன்.

"உமக்குக் கொலினை எப்பிடித் தெரியும்?"

"டப்பாவில பேர் இருக்கு."

உயிரோடு இருக்கிறான். அடிலேய்ட் ஆஸ்பத்திரி. கால் நசிந்துவிட்டதாம்.

முதலாம் கமராவின் பிலிமைத் திரும்பப் போட்டேன். நேற்று அளந்தது குண்டை மட்டும், மற்றதைப் பார்க்கவில்லை. இடது மூலையில் மூன்றாம் கொட்டில். செவ்வாய்க்கிழமை நான் குத்திய படத்தில் அது மண்ணோடு மண்ணாகத் துரு நிறம். பிலிமில் வெள்ளை வெளேரென்று, சிலுவையைவிட எடுப்பாக.

வெள்ளை அடித்திருக்கிறான்.

மார்ச் 21, ஞாயிறு

மழை. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

ஒருவருக்கும் சொல்லக் கூடாது. இவருக்குச் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீர் என்ன பிழை விட்டனீர்? வெக்கைக்கு ஒரு வழி சொன்னனீர், அவ்வளவுதானே."

"அந்தச் சாமானுக்குக் கண் எப்பிடி வேலை செய்யுதெண்டு எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. தெரிஞ்ச நான் யோசிக்கேல்லை."

"உம்மட ஹார்டிங்கும் யோசிக்கேல்லை. அவங்கட கப்டனும் யோசிக்கேல்லை."

"நான்தானே எழுதினனான்."

இவர் பேப்பரைத் திரும்ப விரித்தார். பிறகு, "எழுதிக் கிழுதிக் குடுத்திராதையும். தங்கச்சிக்கு வேண்டிய கந்தோர்க் கடிதம் அவங்கட கையிலதான் இருக்கு" என்றார். அதுவும் உண்மை.

ஏழு குண்டுகளை அளந்தபோது மூன்று மீற்றர், இரண்டு மீற்றர் என்று எழுதி நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். சரியாக விழுந்தால் சந்தோஷம்கூட. அது எங்கே போய் விழுவதற்காகச் செய்யப்பட்டது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 22, திங்கள்

ட்ராம் அரை மணி பிந்தி. மொரீன் பொத்தான் கொண்டுவந்து தந்தாள், நிறம் பொருந்தவில்லை, தைத்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு ஹார்டிங்கின் அறை. கப்டன் எழுந்து நின்றார். எனக்கும் மொரீனுக்கும் கதிரை.

கப்டன் சொன்னது: "குண்டு தன்ர கண் பாத்த இடத்துக்குப் போனது. கொட்டிலில் இருந்து அளந்தால் முக்கால் மீற்றர். இதைவிட நல்லா ஒண்டும் விழேல்லை. அளக்கத் தொடங்கிற இடம்தான் பிழை."

ஹார்டிங் மேசையில் புதிய அட்டை ஒன்றை வைத்தார். அதே படம். நாங்கள் போட வேண்டியது கொட்டிலில் ஒரு குத்து, இரண்டு கையெழுத்து, பழைய திகதி. 212 மீற்றர் என்றே நின்றால் சோதனை இத்தோடு முடிந்ததாம், கப்டன் ஊருக்கு, எங்கள் பகுதி மூடல். "ஒரு ஊசிக்குத்து, அவ்வளவுதான்" என்றார். குரல் கெஞ்சியது. கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம்.

நாளை தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். கோழைத்தனம்.

தேத்தண்ணி இடைவேளையில் மொரீன் சொன்னாள்: "விளங்குதோ உமக்கு? கொட்டில் இலக்கெண்டு ஆனா, இலக்குக்குள்ள கொலினுக்கு என்ன வேலையெண்டு கேப்பினம். விசாரணை இருக்கு. சட்டத்தை மீறி நிண்டவன் எண்டு எழுதி வேலையால நிப்பாட்டிவிடுவினம்."

"சிலுவையிலயே விட்டா?"

"குண்டு ஏன் திரும்பினதெண்டு தெரியாது. அப்பவும் அவன் கமராவால ஏதோ செய்தவன் எண்டுதான் கதைப்பினம். காரணம் தெரியாட்டிப் பழி எப்பவும் கீழ நிக்கிறவனுக்குத்தான்."

காரணம் எனக்குத் தெரியும். தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

ஹார்டிங்கிடம் கந்தோர்க் கடிதம் கேட்கவில்லை.

மார்ச் 23, செவ்வாய்

வெயில். 24. பஸ்ஸில் ஒரு கிழவி என் பொட்டைக் காட்டி, காயமா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

வேலைக்குப் போனதும் புதிய அட்டையைக் குத்தாமல் ஹார்டிங்கின் தட்டில் திருப்பி வைத்தேன். அளவுத் தாளின் கடைசிப் பத்தி, 'குறிப்புகள்', எப்போதும் வெறுமையாக விடுவது. மையால் எழுதினேன்:

"இலக்கு சிலுவை. விலகல் 212 மீற்றர். படம் எடுத்த பின், குண்டு விழ முன், மூன்றாம் கொட்டிலுக்கு வெள்ளை அடிக்கப்பட்டுள்ளது. குண்டின் கண் அதைப் பிடித்தது. வெள்ளை அடிக்கும்படி கமராக்காரருக்கு எழுதியது நான். கே.ரி."

மூடியைப் பேனையில் போட்டுவிட்டுத் தாளை மொரீனிடம் கொடுத்தேன்.

இருவரின் கையெழுத்தும் வேண்டும். மொரீன் வாசித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்ப வாசித்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஹார்டிங் வாசித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏன் எழுதினனீர்? ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது."

"கொலினுக்குத் தெரியும்."

"அவன் ஒண்டும் சொல்லேல்லை. ரெண்டு தரம் கேட்டாச்சு. வெள்ளை அடிச்சதையே சொல்லேல்லை."

இதை எதிர்பார்க்கவில்லை. கால் போகிற நிலையில் கிடந்துகொண்டு, முகம் தெரியாத என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறான். ஹார்டிங்கின் முன்னால் அழுதேன். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு பாதுகாப்பு அதிகாரி. எத்தனை துண்டு? பதினொன்று, பன்னிரண்டு. என்ன எழுதினேன்? ஈ, வெயில், சான்ட்விச். வேறு? மீன் குழம்பு வைக்கும் முறை ஒன்று. சிரிக்காமல் எழுதிக்கொண்டார். ஆதாரத் துண்டு ஏதும் உண்டா? அவன் எழுதியதை எரித்துவிட்டேன், விதிப்படி. அப்படியானால் இது உம்முடைய சொல் மட்டும்தான் என்றார். பாஸை வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கட்டாம்.

படிக்கட்டில் கப்டன் ரூவெக். கோபம் இல்லை. தொப்பியைக் கழற்றி நன்றி சொன்னார். "வெள்ளை மயக்குது எண்டு இப்ப விளங்கிவிட்டது. திருத்தலாம்." சின்னக் கொப்பியில் குறித்தும் காட்டினார். இனி வரும் மீன்கொத்தி வெள்ளைக்கு ஏமாறாது. அதுவும் என் உபயம்.

இவருக்குச் சொன்னேன். திட்டவில்லை. வாஷரை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.

மார்ச் 24, புதன்

வேலை இல்லாத முதல் நாள். மேகம். இரண்டு வாளி உடுப்புத் தோய்த்தேன். குழாய் ஒழுகவில்லை.

தங்கச்சிக்குக் கடிதம் தொடங்கி மூன்று தரம் கிழித்தேன். கடைசியில், கொஞ்சம் தாமதமாகும், காரணம் பிறகு.

நாலரைக்கு மொரீன் வந்தாள். வீட்டுக்கு வருவது முதல் தடவை. என் கோப்பை, குடை, மேசையில் விட்ட கைலேஞ்சி, எல்லாம் ஒரு பையில். வடை கொடுத்தேன். உறைக்குது என்று சொல்லிக்கொண்டே மூன்று சாப்பிட்டாள். கொலினுக்குக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். எழும்பி இருந்து தாதிமாரோடு வாயடிக்கிறானாம்.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தாள். வெறும் டப்பாக்களைத் திருப்பி அனுப்பத் துடைக்கும்போது, நசுங்கின டப்பாவின் அடித் தகரத்தில் மடிப்போடு சிக்கிக் கிடந்ததாம். குண்டு விழ முதல் எழுதி வைத்தது.

"விடிய ஹார்டிங்கிட்டக் குடுக்கப்போறன். விசாரணைக்கு ஆதாரமா இது போதும். பேர் போட்டிருக்கிறது உமக்கு, அதுதான் முதல் கொண்டந்தனான்."

பென்சில் எழுத்து. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"கே.ரி.க்கு. நேற்று வெள்ளை அடித்தேன், இரண்டு பூச்சு. உள்ளே பதினேழு பாகை குறைந்துவிட்டது. இன்றுதான் முதல் தடவையாகக் கதவைச் சாத்திக்கொண்டு சுகமாக வேலை. உங்கள் ஆட்கள் கெட்டிக்காரர். ஈக்கு ஏதாவது வழி தெரியுமா?"