அழித்த ஃபைல்

பிப்ரவரி 12, புதன்

காலையிலேயே ரகளை. தையல் லைனில் ராமுத்தாயின் மிஷினில் ஊசி உடைந்துவிட்டது. துண்டுகளையெல்லாம் பொறுக்கி ரிஜிஸ்தரில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. இரண்டு துண்டு கிடைத்தது, முனையைக் காணோம். "துணிக்குள்ளதான் போயிருக்கு மேடம்" என்று அடித்துச் சொல்கிறார். ஓடுவது கைக்குழந்தைச் சட்டை ஆர்டர். அந்த லாட் முழுவதும் ஊசி பிடிக்கும் மிஷினில் போனது. பழைய மிஷின், துணியில் இரும்பு இருந்தால் அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும், துணி போகும் பெல்ட்டை நிறுத்துவது நான் எழுதிய புரோகிராம். பெல்ட் நிற்கவே இல்லை. எல்லாம் பாஸ்.

பேக்கிங் சூப்பர்வைசர் அர்த்தநாரி கேட்டார்: "ஏனுங்க வினிதா, உங்க சிஸ்டம் தப்பாக் காட்டுமுங்களா?"

"காட்டாதுங்க" என்றேன். கொஞ்சம் கெத்தாகவே.

பிப்ரவரி 13, வியாழன்

ராமுத்தாயை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். முனையைத் தொலைத்துவிட்டுத் துணிமேல் பழி போட்டாராம். வாசலில் என்னைப் பார்த்து, "பொய் சொல்லி நான் என்னத்தக் கண்டேன்?" என்று மட்டும் கேட்டார். சிஸ்டத்தில் பாஸ் என்றால் பாஸ்தானே? நான் என்ன செய்ய?

பிப்ரவரி 15, சனி

அந்த ஆர்டரில் மீந்த சட்டைகளை ஸ்டாஃபுக்குக் கொடுத்தார்கள். என் பாப்பாவுக்கு இரண்டு. மஞ்சள் அவளுக்கு எடுப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பேக்கிங் கம்ப்யூட்டர் காலையிலிருந்து மந்தம். ஷிப்மென்ட் முடியும்வரை அதை அணைக்கக் கூடாது. அர்த்தநாரி மானிட்டரிலேயே தாள் ஒட்டி வைத்திருக்கிறார். அதனால், ஓடும் புரோகிராமை நிறுத்தாமல் உள்ளே எட்டிப் பார்க்கிற ஒரு கருவியைப் போட்டேன். எதற்காகக் காத்திருக்கிறது, எந்தெந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது, எல்லாம் பட்டியலாக வரும். ஊசி மிஷினின் இணைப்பு அதில் இருக்க வேண்டும். இல்லை. அந்த இடத்தில் ஒரு ஃபைல். 'டெமோ'. பக்கத்திலேயே: அழிக்கப்பட்டது.

நான் வைத்த பெயர். நான் அழித்த ஃபைல்.

மூன்றாம் தேதி வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுத்தவர்கள் பார்வையிட வந்தார்கள். அன்று ஊசி மிஷின் ரிப்பேர். "ஸ்கிரீன்ல ஏதாச்சும் ஓடட்டுமுங்க" என்றார் முதலாளி கந்தவேல். பழைய பாஸ்களை ஒரு ஃபைலில் போட்டு, மிஷினுக்குப் பதிலாகப் புரோகிராமை அதையே திரும்பத் திரும்பப் படிக்க விட்டேன். மாலையில் மிஷின் சரியானது, ஃபைலை அழித்தேன், ஊட்டுக்குப் போனேன். புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட விடவில்லை. திறந்து பிடித்த ஃபைலை, நாம் அழித்தாலும், ஓடுகிற புரோகிராம் விடாது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

பதினான்கு நாள். ஒரு துணியைக்கூட யாரும் சோதிக்கவில்லை.

மணிக்கொரு தரம் இரும்புப் பொட்டு வைத்த சோதனை அட்டையை விட்டு, பெல்ட் நிற்கிறதா என்று பார்த்து டிக் போட வேண்டும். அவசர ஆர்டர் என்றால் எட்டு டிக்கையும் காலையிலேயே போட்டுவிடுவார்கள். எனக்குத் தெரியும். பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

அப்புறம்தான் பாப்பா ஞாபகம் வந்தது. வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ளும் அத்தைக்குப் போன் போட்டேன். "பாப்பாவுக்கு என்ன போட்டிருக்கீங்க?"

"அந்த மஞ்சச் சட்டைதான் கண்ணு, ஏன்?"

"கழட்டுங்க அத்தை. இப்பவே."

ஊசித் துண்டு தேட லைனில் வைத்திருந்த காந்தத்தோடு வீட்டுக்கு ஓடினேன். இரண்டு சட்டையிலும் ஒன்றுமில்லை. பாப்பாவின் உடம்பெல்லாம் தடவிப் பார்த்தேன். அவள் சிரித்தாள். எனக்கு அழுகை.

திரும்பி வந்து கந்தவேல் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பதினான்கு நாள் பெட்டிகளையும் ஏற்றிய லாரி தாராபுரம் தாண்டியிருந்தது. "அன்னைக்குக் காட்டச் சொன்னது நாந்தானுங்களே" என்றார். பிறகு டிரைவருக்குப் போன் செய்து, வண்டியைத் திருப்பச் சொன்னார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட விட்டாயிற்று; பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொரு சட்டையாகப் பெல்ட்டில் விடுகிறோம். நானும் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை முனை இல்லை. இல்லாமலே போய்விட்டால் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன் — சீ. அப்போது ராமுத்தாய் பொய்யராகிவிடுவாரே.

பிப்ரவரி 19, புதன்

மூன்றே கால் மணிக்குப் பெல்ட் நின்றது. கழுத்துத் தையலுக்குள். அரை அரிசி அளவு. ராமுத்தாய் சொன்ன முனை.

பிப்ரவரி 20, வியாழன்

ராமுத்தாய் தங்கியிருக்கும் ரூமுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்றேன். உள்ளே கூப்பிடவில்லை.

"எந்த எடத்துல இருந்துச்சு?"

"கழுத்துல."

"அன்னைக்கே சொன்னேன்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

பிப்ரவரி 24, திங்கள்

வந்துவிட்டார். கந்தவேல் சாரே போய்க் கூப்பிட்டாராம். ரிஜிஸ்தரில் மூன்று துண்டும் வரிசையாக ஒட்டியிருந்தன, கையெழுத்துப் போட்டார். லைனுக்குப் போகவில்லை. நேராகப் பேக்கிங்குக்கு வந்து சோதனை அட்டையை எடுத்துப் பெல்ட்டில் வைத்தார். ஸ்கிரீன் பக்கம் திரும்பவே இல்லை, பெல்ட்டைத்தான் பார்த்தார். நின்றது. மறுபடி வைத்தார். நாலு தடவை. நாலு தடவையும் நின்றது.

அட்டையை என் கையில் கொடுத்தார். ஐந்தாவது தடவை நான் விட்டேன்.