ஒன்பதை அழுத்தியவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே ஒரு தையற்காரம்மா என்னைப் போனில் பிடித்துக்கொண்டார். எங்கள் கம்பெனி மெஷின் வைத்து ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் பேரைக் கூப்பிடுகிறது. பல் ஆஸ்பத்திரி, காப்பீடு, உடற்பயிற்சிக் கூடம் என்று யார் கேட்டாலும் அவர்களுக்காகக் கூப்பிடுவோம். அதெல்லாம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. புகார் சொல்பவர்களுக்குப் பதில் சொல்வதும் நான்தான். பேர் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். விற்பனைப் பிரிவில் வைத்திருக்கும் பேர் தடா மேடம்.

மெஷினுக்கும் ஒரு பேர் உண்டு. கிளி. சொன்னதையே சொல்லும். "இது தானியங்கி அழைப்பு. இனி அழைக்க வேண்டாம் என்றால் ஒன்பதை அழுத்துங்கள்."

"ஒன்பதை அமுக்கி அமுக்கி விரலே தேஞ்சு போச்சும்மா. அமுக்க அமுக்க இன்னும் ஜாஸ்தியா வருது. ஊசியில நூல் கோக்கிற நேரம் பார்த்துத்தான் அடிக்குது. பதினோரு தடவை!"

வழக்கமான பதிலைச் சொன்னேன். நீங்கள் சரியாக அழுத்தியிருக்க மாட்டீர்கள்.

"முப்பது வருஷமா தையல் மிஷின் மிதிக்கிறேன். எனக்கு ஒரு பட்டனை அமுக்கத் தெரியாதா?"

வைத்துவிட்டார். நாள் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. பார்க்காமலே எப்படிச் சொன்னேன்?

மார்ச் 4

என் எண்ணையே கிளியின் பட்டியலில் சேர்த்தேன். பத்தரைக்கு வந்தது. ஒன்பதை அழுத்தினேன். "நன்றி, உங்கள் விருப்பம் பதிவு செய்யப்பட்டது."

மார்ச் 5

மூன்று தடவை வந்துவிட்டது. ஒரு தடவை பஸ்ஸில் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டிருந்தேன். தையற்காரம்மா திட்டியது கம்மி.

மார்ச் 6, வெள்ளி

கண்டுபிடித்தாயிற்று. கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

எங்கள் கணினிக்காரர் கழுத்தில் எப்போதும் ஏதாவது ஒரு கேபிள் தொங்கும், அதனால் அவர் வயர். அவரை உட்காரவைத்து மெஷினைத் திறக்கச் சொன்னேன். பழைய மெஷினில் ஒன்பது என்றால் "ஆளோடு பேச வேண்டும்", அதாவது வாங்க ஆர்வம் இருக்கிறது. ஜனவரியில் புது மெஷின் வந்தபோது அது பேசுகிற பேச்சை மாற்றினார்கள். எந்தப் பட்டனுக்கு என்ன அர்த்தம் என்கிற அட்டவணையை மட்டும் பழையதிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிட்டார்கள். ஆக, வேண்டாம் என்று அழுத்தியவர்கள் எல்லாரும் "ஆர்வமுள்ளோர்" பட்டியலுக்குப் போயிருக்கிறார்கள். ஆர்வமுள்ளவரை விடாமல் கூப்பிட வேண்டும் என்பது விற்பனைப் பிரிவின் விதி.

ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு பேர்.

பிப்ரவரியில் ஆர்வமுள்ளோர் எண்ணிக்கை எகிறிவிட்டது என்று கேக் வெட்டினோம். நான் இரண்டு துண்டு தின்றேன்.

வயர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாத்தின அன்னிக்கு டெஸ்ட் பண்ண ஃபார்ம் ஒண்ணு இருக்குமே மேடம்," என்றார்.

இருக்கிறது. "ஒன்பது: சோதிக்கப்பட்டது." பக்கத்தில் என் டிக். கீழே என் கையெழுத்து. ஒன்றையும் இரண்டையும் அழுத்திப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம். மீதியும் சரியாகத்தான் இருக்கும் என்று மளமளவென்று டிக் போட்டுவிட்டு எழுந்து போனேன்.

நான்தான். வேறு யாரும் இல்லை.

மார்ச் 9, திங்கள்

அத்தானிடம் சொல்லிவிட்டேன். அக்காவின் கணவர், கம்பெனியின் முதலாளி. ஆபீஸில் சார், வீட்டில் அத்தான். ஒன்பது வருஷமாக மாற்றி மாற்றிக் கூப்பிட்டு நாக்குக்குப் பழகிவிட்டது.

முழுக்கக் கேட்டார். "சரி, தப்பு நடந்துருச்சு, மாத்திடலாம். ஆனா மாசக் கடைசி வரைக்கும் ஓடட்டும். இப்போ கையை வச்சா டார்கெட் போயிடும்."

"தெரிஞ்சப்புறமும் கூப்பிடுறது, தெரியாம கூப்பிட்டதைவிட மோசம் சார். சட்டமே அப்படித்தான் பார்க்கும்."

"சட்டத்தை நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம்."

பின்னே யார் சொல்லித்தருவது? அதற்குத்தானே என்னை வைத்திருக்கிறார்?

பிறகு விஷயத்துக்கு வந்தார். இந்த மாதிரி அழைப்புகளைக் கண்காணிக்கிற அரசு ஆணையத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஓர் உறுதிமொழிப் படிவம் போக வேண்டும். "மறுத்தவர் எவரும் மீண்டும் அழைக்கப்படவில்லை" என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தொன்றாம் தேதி கடைசி.

"எப்பவும் போல போட்டுடு."

"மாட்டேன் சார்."

இழுப்பறையைத் திறந்து ஜனவரி ஃபார்மை எடுத்து மேஜைமேல் வைத்தார். வயரிடம் கேட்டு வாங்கியிருப்பார். "இது யார் கையெழுத்து? நீ வாயைத் திறந்தா முதல்ல மாட்டுறது நீதான்."

உண்மை. மாட்டுவேன். அதற்காக இன்னொரு பொய்யின் அடியில் பேரை எழுத வேண்டுமா? ஆறாயிரம் பேரின் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, இவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார். நான் சோறு பரிமாற வேண்டுமாம்.

மார்ச் 10

மாட்டேன். மாட்டேன். மாட்டேன்.

எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

அக்கா போன்.

"அவரு நாலு நாளா சரியா சாப்பிடல. என்னடி பண்ணி வச்சிருக்கே?"

"தப்பு பண்ணியிருக்கோம்கா. அதை மறைச்சுப் பொய் சொல்லச் சொல்றாரு."

"ஒரு கையெழுத்துதானே? போட்டா என்ன குறைஞ்சு போயிடுவே? உனக்கு வேலை குடுத்தவருடி அவரு."

"குடுத்தாரு. அந்த வேலையைத்தான் செய்யறேன்."

"வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு உனக்கு."

பட்டென்று வைத்துவிட்டாள். அடுப்படியில் நின்று அழுதேன். கோபத்தில்தான், வேறொன்றும் இல்லை. சரி, வேறொன்றும் இருந்தது. எங்களுக்குள் எத்தனை சண்டை வந்தாலும் சாயங்காலத்துக்குள் யாராவது ஒருத்தி போன் பண்ணிவிடுவோம். இன்று இரண்டு பேரும் பண்ணவில்லை.

மார்ச் 14

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பஸ் ஓட்டுகிறவர். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"சிக்னலைத் தாண்டினா யாரோட லைசென்ஸ் போகும்? முதலாளியோடதா? ஸ்டியரிங் யார் கையில இருக்கோ அவங்கதான் பதில் சொல்லணும்."

"வேலை போயிட்டா?"

"போனா போகட்டும். ஆனா ஒண்ணு, நீ முழு நேரமும் வீட்ல இருந்தா எனக்கும் ஃபார்ம் போடுவே. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று.

மார்ச் 17, செவ்வாய்

என்னைத் தூக்கிவிட்டு விற்பனை மேனேஜரை இந்த நாற்காலியில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கலாம் என்று யோசனை நடந்திருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் கம்ப்ளையன்ஸ் ஆளை மாற்றுவதென்றால் முப்பது நாள் முன்னாலேயே ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். கடைசித் தேதிக்கு இன்னும் பதினான்கு நாள்தான் இருக்கிறது.

அந்த விதி இருக்கிற பக்கத்தை நகல் எடுத்து, மஞ்சள் கோடு போட்டு, அத்தான் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். கோடு போட்டது கொஞ்சம் அதிகம். பரவாயில்லை.

மார்ச் 18

என் மேஜையை ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய கீபோர்டுகள், உடைந்த நாற்காலிகள், நான். ஏசி இல்லை. போன் இணைப்பு மட்டும் இருக்கிறது, புகார் எடுக்க ஆள் வேண்டுமே.

மார்ச் 20, வெள்ளி

தையற்காரம்மா மறுபடி. நான் முந்திக்கொண்டேன்.

"நீங்க சரியாத்தான் அமுக்கினீங்கம்மா. தப்பு எங்களோடது. அன்னிக்கு நான் உங்களை அப்படிச் சொன்னதும் தப்பு. மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். அதை நிறுத்துங்க."

"சரிம்மா" என்றுவிட்டேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்? யாரையும் கேட்கத் தேவையில்லையே! கம்பெனியின் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது: சட்டமீறல் தெரிந்தால் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் எந்த நேரமும் அழைப்புகளை நிறுத்தலாம். ஒன்பது வருஷமாக அதற்கான பாஸ்வேர்ட் என்னிடம் சும்மா கிடக்கிறது. நிறுத்தினால் மொத்த மெஷினும் நிற்கும், பல் ஆஸ்பத்திரிக்காரர்களின் நினைவூட்டல் உட்பட. அதனால்தான் இவ்வளவு நாள் தயங்கினேன். அதனால் மட்டுமா? பயந்தேன் என்று எழுதினால் என்ன?

பயந்தேன்.

மார்ச் 23, திங்கள்

பதினொன்று இருபதுக்கு நிறுத்தினேன்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஹாலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஹெட்போனைக் கழற்றித் தட்டிப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஸ்டோர் ரூம் பக்கம் திரும்பினார்கள்.

முதலாளி அறையிலிருந்து வேகமாக வந்தார். "யாரைக் கேட்டு நிறுத்தினே?"

"கேட்க வேண்டியதில்லைன்னு எழுதியிருக்கு. நீங்க கையெழுத்துப் போட்ட புத்தகம்தான் அத்தான்."

ஹாலே கேட்டது. வாய் தவறி வந்ததில்லை, தெரிந்தேதான் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "இனிமே வீட்டுப் பக்கம் வந்துடாதே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வயர் தானாக வந்து உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் அட்டவணையைச் சரிசெய்தார். இருபது நிமிஷ வேலை! இதற்குத்தான் அத்தான் மாசக் கடைசி வரைக்கும் ஓடட்டும் என்றார். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு பட்டனையும் நானே மூன்று மூன்று தடவை அழுத்திப் பார்த்தேன். மறுத்தவர்களை எல்லாம் அழைக்கக்கூடாத பட்டியலுக்கு மாற்றினோம். இதற்குள் ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு பேர் ஆகியிருந்தார்கள். பிறகு கிளியைப் பேசவிட்டேன்.

மார்ச் 30

படிவத்தை எழுதி முடித்தேன். "விதிவிலக்குகள் இருப்பின்" என்ற இடத்தில் இரண்டே கோடு விட்டிருக்கிறார்கள். ஒன்பது வருஷமாக அதில் "இல்லை" என்று எழுதி வந்தேன். இந்தத் தடவை தனியாக மூன்று பக்கம் இணைத்தேன். முதல் வரி: "ஜனவரியில் ஒன்பதாம் பட்டனைச் சோதிக்காமலே சோதித்ததாக நான் கையெழுத்திட்டேன்."

இந்த ஒரு வரியை எழுத ஒரு மணி நேரம். மீதி மூன்று பக்கமும் தண்ணீர் மாதிரி வந்தது.

மார்ச் 31

அனுப்பிவிட்டேன். ரசீது வாங்கிவிட்டேன்.

ஏப்ரல் 2

வேலை போயிற்று. கடிதத்தில் காரணம், நம்பிக்கை இழப்பு. யாருடைய நம்பிக்கை, யார்மேல்? போடவில்லை. திருப்பிக் கேட்டு மெயில் அனுப்பினேன்.

ஏப்ரல் 9

பதில் இல்லை. இன்னொரு மெயில்.

ஏப்ரல் 21, செவ்வாய்

ஆணையத்தில் விசாரணை. நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரியம்மா, இந்தப் பக்கம் ஒரு கோடியில் அத்தானும் வக்கீலும், மறுகோடியில் நான்.

வக்கீல் எல்லாப் பழியையும் என் தலையில் கட்டப் பார்த்தார். "தவறு செய்தவரே இவர்தான்" என்றார். ஆமாம் என்றேன். அவர் ஃபைலில் அடுத்த பக்கத்தைத் தேடினார்.

அதிகாரியம்மா, "சோதிக்காம ஏன் கையெழுத்துப் போட்டீங்க?" என்றார்.

"சாப்பிடப் போகணும்னு."

எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை. பிறகு அத்தான் பக்கம் திரும்பி, "இவங்க உங்ககிட்ட சொன்னது மார்ச் ஒன்பது. மெஷின் நின்னது இருபத்து மூணு. நடுவுல பதினாலு நாள் என்ன நடந்தது?" என்றார்.

அத்தான் தண்ணீர் குடித்தார். எனக்குப் பாவமாக இருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

மே 15, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. கம்பெனிக்கு அபராதம், தானியங்கி அழைப்புக்கு இரண்டு மாதத் தடை. ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் கடிதத்தில். போன் பண்ணி மன்னிப்புக் கேட்க முடியாது. அவர்கள்தான் போன் வேண்டாம் என்றவர்களாயிற்றே.

எனக்கும் உண்டு. ஒரு வருஷம் நான் எங்கும் இந்த வேலை பார்க்கக்கூடாது. நியாயம்தான். படித்தபோது வலித்தது, ஆனாலும் நியாயம்தான்.

நோட்டீஸ் இயக்குநர்கள் இரண்டு பேர் பேரிலும் போயிருக்கிறது. அத்தான், அக்கா. அக்கா பேருக்குத்தான் இயக்குநர், அந்த ஆபீஸ் படியை மூன்று தடவைகூட ஏறியிருக்க மாட்டாள். அவள் பேரும் வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். இப்போதும் அந்த மூன்று பக்கத்தில் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன்.

மே 16

அக்கா பேசவில்லை.

மே 24

பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

போகட்டும் என்று எழுதுவது சுலபம்.

ஜூன் 7, ஞாயிறு

மதியம் கதவைத் தட்டினார்கள். திறந்தால் அக்கா. கையில் ஒரு தடித்த ஃபைல்.

"கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன். உன்னோடதைக் குடு."

கொடுத்தேன். நேராகப் போய்ச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தாள். தடை முடிந்ததும் மெஷினை மறுபடி ஓட்ட அனுமதி கேட்கும் விண்ணப்பம். இயக்குநர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"காலையில நீட்டினாரு. படிச்சுட்டுப் போடறேன்னு எடுத்துட்டு வந்துட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"முறைச்சாரு. முறைக்கட்டும்."

மன்னிப்பு அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். விரலை வரிக்கு வரி வைத்து, உதட்டை அசைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி படித்தாள். டீ ஆறிப்போனது. ஐந்தாவது பக்கத்தில் விரல் நின்றது.

"எல்லாம் சோதிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு. யாரு சோதிச்சாங்கன்னு போடலையேடி?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் அங்கே இல்லையே. அத்தானைக் கேளு."

போனை எடுத்து அடித்தாள். அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். பாதி மணியில் கட் பண்ணிவிட்டார். பேனாவை மூடி ஓரமாக வைத்தாள், போனை மேஜைமேல் வைத்து மறுபடி அவர் பேரைத் தொட்டாள்.

"எடுக்கிற வரைக்கும் அடிப்பேன்," என்றாள் அக்கா.