முன்பு குடிப்பார், இப்போது இல்லை

7 மார்ச் 1938, திங்கள். கடத்தூர்
காலையிலேயே வெயில். தலைவலி. நேற்று மாரப்பன் வீட்டுப் பின்புறம் இரண்டு டம்ளர் சாராயம். மதுவிலக்கு வந்ததும் விட்டுவிட்டேன் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை தெரிந்தது அந்த வீட்டுக்கு மட்டும்.

வியாழனன்று மதுவிலக்கு அதிகாரி பள்ளிக்கு வருகிறாராம். தலைமையாசிரியர் (த.ஆ.) கூப்பிட்டார். "மதுவிலக்கு பத்தி இங்கிலீஷ்ல ரெண்டு வாக்கியம் பசங்க பளிச்சுன்னு சொல்லோணுங்க சார். உங்க வேலை பெர்மனென்ட் ஆவறது அதுலதான் இருக்குது."

8 செவ்வாய்
முதல் பாரம் (ஆறாம் வகுப்பு). இறந்தகாலம், பழைய வழக்கங்கள். போர்டில்: மை ஃபாதர் யூஸ்ட் டு டிரிங்க். நவ் ஹி டஸ் நாட். அப்பா முன்பு குடிப்பார், இப்போது இல்லை. நாற்பது தடவை கத்தினார்கள். நாக்கு ஒழுங்காகப் புரண்டது ஒருத்திக்குத்தான். பொன்னி, மாரப்பன் மகள். அதிகாரி முன் அவளையே நிறுத்தச் சொல்கிறார் த.ஆ.

"எங்கப்பா இன்னும் குடிக்குதுங்களே சார்."

"அது வெறும் பாடம், பொன்னி."

"செரிங்க சார்."

வாங்க வேண்டியது: சாக்பீஸ், துவரம்பருப்பு, தலைவலித் தைலம்.

10 வியாழன்
மாவிலைத் தோரணம், நாற்காலிக்குப் புது விரிப்பு. பொன்னி பிசகாமல் சொன்னாள். அதிகாரி கை தட்டினார். அதோடு போயிருக்கலாம், பாவி. தமிழில் கேட்டார், "அப்பா எப்பம்மா விட்டாரு?"

"வுடலீங்க. அது பாடமுங்க. வூட்டுக்குப் பொறத்தாலயே காய்ச்சுதுங்க."

சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் கூரை ஓட்டைப் பார்த்தேன். ஞாயிறுதோறும் எனக்கு டம்ளர் கழுவிக் கொடுப்பவள் அவள்தான். அதை மட்டும் சொல்லவில்லை.

சாயங்காலமே போலீஸ். பானை, குழாய், மாரப்பன்.

21 திங்கள்
மாரப்பனுக்கு ஆறு மாதம். மொரப்பூரில் ரயிலேற்றிச் சேலம் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்களாம். யார் யாருக்கு ஊற்றினாய் என்று அடித்துக் கேட்டும் ஒரு பெயர்கூடச் சொல்லவில்லையாம். கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. த்தூ.

த.ஆ. சிரித்த முகம். அதிகாரி எழுதிய குறிப்பில் என் கற்பித்தல் மிக நன்று.

22 செவ்வாய்
புழுக்கம். பொன்னியின் இடம் காலி. பள்ளி வாசலில் அவள் அம்மா. அழவில்லை.

"பொய்யி சொல்லிக் குடுத்தீங்களே சார். அதையே கடேசிவரைக்கும் சொல்லோணும்னு சொல்லிக் குடுக்கலீங்களே."

மணி அடித்தது, உள்ளே போய்விட்டேன். இனி பொன்னியைக் கடலைக்காட்டு வேலைக்கு அனுப்புவார்களாம்.

23 புதன்
மேகம், மழையில்லை. வேலை நிரந்தரத்துக்கான படிவம் வந்தது. பெயர், வயது, படிப்பு. ஒன்பதாவது கேள்வி: மது அருந்தும் பழக்கம் உண்டா?

'முன்பும் இல்லை, இப்போதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். த.ஆ. வாங்கிப் பார்த்து, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார்.