விழ விடாதவன்

மார்ச் 4

நேற்றைய குத்துச்சண்டையில் ஜெயித்தேன். பத்து ரவுண்டு. மூன்று நடுவர்களும் எனக்கே புள்ளி போட்டார்கள். எதிராளியால் என் முகத்தில் ஒரு கீறல் போட முடியவில்லை. நானும் அவனை ஒரு தடவைகூடச் சாய்க்கவில்லை. வழக்கம்போல.

அரங்கத்தை விட்டு வெளியே வரும்போது பாப்கார்ன் விற்கும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ சண்டை போடுற அன்னிக்குத்தான் எனக்கு வியாபாரம். மத்தவங்க ஏறினா ஒருத்தரும் சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டாங்க. நீ ஏறினதும் மொத்தக் கூட்டமும் என்கிட்ட வந்து நிக்குது. நல்லா இருப்பே." கேலி இல்லை, மனதார வாழ்த்தினார். ஒரு பொட்டலத்தையும் கையில் திணித்தார். வீடு வரை தின்றுகொண்டே நடந்தேன்.

மார்ச் 7

முதலாளி கூப்பிட்டிருந்தார். இந்த ஊரில் சண்டை நடத்துவது அவர்தான். அரங்கம், போஸ்டர், டிவி எல்லாம் அவர் கையில். அவர் அறைக்குப் போகும் நடையில் அவருடைய ஆட்களின் படங்களை வரிசையாக மாட்டியிருப்பார்கள். என் படம் இருந்த ஆணியில் இப்போது தீயணைப்பு உருளை தொங்குகிறது.

"உக்காரு தம்பி. நீ தோத்ததே இல்ல, ஒத்துக்கறேன். ஆனா சின்ன உடம்புக்காரன் நழுவி நழுவி ஜெயிச்சா வித்தைம்பாங்க. உன் சைஸ்ல ஒருத்தன் நழுவினா டிக்கெட் காசைத் திருப்பிக் கேக்கறாங்க. ஹெவிவெயிட்னா எவனாவது விழணும். ஜனம் அதுக்குத்தான் வருது. உன் சண்டையில போன்ல அனுப்பற மாதிரி ஒரு பத்து செகண்ட் துண்டு இருக்கா, சொல்லு."

இல்லை. அதனால் சொல்லவில்லை.

"வெளியில உனக்கு என்ன பேரு தெரியுமா? தாலாட்டு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். டிவிக்காரர்களிடம் சொன்னது என் காதுக்கு வராதா?

பிறகு விஷயத்துக்கு வந்தார். இனி எனக்குச் சண்டை கிடையாது. வேண்டுமானால் இடிக்குப் பயிற்சி ஆளாக இருக்கலாம். இடி என்பது அவருடைய புது நட்சத்திரம். இதுவரை மோதிய அத்தனை பேரையும் நாக் அவுட் செய்தவன். "நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். மெத்தை மாதிரி நின்னா போதும்."

சரி என்றேன். ஆமாம், சரிங்கய்யா என்றுதான் சொன்னேன். சொன்ன என் வாயையே கிழிக்கணும் போல இருந்துச்சு. இந்த ஆளை விட மாட்டேன். எவனை வச்சு என் படத்தைக் கழட்டினானோ, அவனை வச்சே இவன் மூஞ்சில கரி பூசுவேன்.

மார்ச் 8

எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சுவரில் இடியின் போஸ்டர். ஜன்னலைத் திறந்தால் அவன் முஷ்டி.

மார்ச் 12

வீட்டுக்காரி பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். இன்று தட்டை வைத்தபடி சொன்னாள்: "எங்க கிளினிக்குக்கு வர்ற உங்க ஆளுங்க வாயைத் திறந்தா காலி வீடு மாதிரி இருக்கு. உங்களுக்கு முப்பத்திரண்டும் இருக்கு. அது போதாதா?"

போதாது. அந்த முப்பத்திரண்டையும் நறநறவென்று கடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன். அவளுக்கே தெரியும்.

மார்ச் 17

தோள் போய்விட்டது. ஒரு வாரமாக மச்சானுக்குத் தெரியாமல் மணல் மூட்டையை வெறித்தனமாகக் குத்திக்கொண்டிருந்தேன். குத்தில் பலம் வேண்டும், இடியை எல்லோர் முன்னாலும் மல்லாத்த வேண்டும் என்று. மச்சான் என்பது என் வீட்டுக்காரியின் அண்ணன், எனக்குப் பயிற்சி கொடுப்பவர். கையைத் தூக்கச் சொன்னார். காது வரைக்கும்கூட வரவில்லை.

"மாப்ள, குத்துல பலம்ங்கிறது உயரம் மாதிரி. இருந்தா இருக்கு, இல்லாட்டி இல்ல. தொங்கித் தொங்கி எவனாவது உயரம் ஆனானா? இருக்கிற காலை விட்டுட்டு இல்லாத கைய ஏன் தேடுறே?" தைலம் தேய்த்துக்கொண்டே திட்டினார். தைலத்தைவிடத் திட்டு எரிந்தது.

மார்ச் 24

இன்றுதான் இடியோடு முதல் தடவை. சின்னப் பையன், ஆள் மலை. "வாங்கண்ணே" என்று அவனே என் கிளவுஸைக் கட்டிவிட்டான். மரியாதையானவன். அதுவே எரிச்சலாக இருந்தது. திமிராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

தடித்த கிளவுஸ் போட்டும் அவன் குத்து விலாவில் இறங்கியது. இருமினால் வலிக்கிறது. ஆனால் ஒன்று பார்த்துவிட்டேன். நாலாவது ரவுண்டு தாண்டியதும் மூச்சு போதாமல் அவன் வாய் திறந்துகொள்கிறது. அதற்கு மேல் இடது கை இடுப்புக்கு இறங்கிவிடுகிறது, அவனுக்கே தெரியாமல். இது யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் எவனும் அவன் எதிரில் நின்றதில்லையே.

ஒருவரிடமும் சொல்லவில்லை. மச்சானிடம்கூட.

மார்ச் 29

முதலாளி டிவிக்காரர் ஒருவரைப் பயிற்சி பார்க்கக் கூட்டி வந்தார். நான் பக்கத்திலேயே வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன், ஏதோ நாற்காலி கிடக்கிற மாதிரி என்னைச் சுற்றிக்கொண்டு பேசுகிறார்கள்.

"இவன் என்னிக்காவது விழுந்துட்டா?" என்று இடியைக் காட்டி டிவிக்காரர் கேட்டார்.

"விழட்டுமே. விழுந்தவன் பழி வாங்க வர்றான்னு போஸ்டர் ஒட்டினா ரெண்டு மடங்கு கூட்டம். விழறதும் சரக்குதான் சார்."

விழறதும் சரக்குதான். வீட்டுக்கு வரும் வழி முழுக்க இதையே மென்றுகொண்டு வந்தேன்.

ஏப்ரல் 2

இடியின் பெரிய சண்டைக்கு வெளியூரிலிருந்து வர வேண்டியவனுக்குக் கை முறிந்துவிட்டதாம். டிக்கெட் எல்லாம் விற்றாகிவிட்டது. முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டு பயிற்சிக் கூடத்துக்கு வந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இடியின் வலது கை என் கன்னத்தை உரசிப் போனது. உரசல்தான்.

விழுந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. கண்ணைச் செருகிக்கொண்டு, காலை ஒருமுறை இழுத்துக்கொண்டு, நன்றாகவே விழுந்தேன். மச்சானே பதறி ஓடிவந்தார். பக்கத்தில் குனிந்ததும் நான் கண்ணடித்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

ஏப்ரல் 3

முதலாளியே போன் செய்தார், இடியோடு நான்தான் மோத வேண்டுமாம். தோற்காதவனும் சாய்க்கிறவனும் என்று போஸ்டர் அடிக்கிறாராம். "ரெண்டு ரவுண்டாவது தாக்குப் பிடி தம்பி."

பிடிக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 10

இப்போது தெளிவாக இருக்கிறது. என்னால் அவனைச் சாய்க்க முடியாது. முடிந்தாலும் சாய்க்கக் கூடாது. சாய்த்தால் முதலாளி அதையும் விற்றுவிடுவார். ஏதோ ஒரு குத்து மாட்டிக்கிச்சு, பையன் மறுபடி வருவான் என்பார்.

விற்கவே முடியாத மாதிரி ஒன்று செய்ய வேண்டும்.

ஏப்ரல் 21

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

முதல் ரவுண்டுகளில் ஓடினேன், குனிந்தேன், கட்டிப் பிடித்தேன். மூன்றாவதில் கூட்டம் "ஆராரோ ஆரிராரோ" என்று பாட ஆரம்பித்தது. எனக்குத்தான். முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டார். பாடுங்கடா, பாடுங்க.

ஐந்தாவதில் இடியின் வாய் திறந்தது. ஏழாவதில் இடது கை இடுப்புக்கு வந்தது. அதற்குப் பிறகு அவன் குத்தியதெல்லாம் காற்றைத்தான். நான் தட்டிக்கொண்டே இருந்தேன், கதவைத் தட்டுகிற மாதிரி, வலிக்காமல். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது.

எட்டாவதில் அவன் முழங்கால் மடங்கியது. விழப் போகிறான். நான் குத்தியதால் அல்ல, மூச்சு இல்லாமல். ஓடிப்போய் இரண்டு அக்குளுக்கும் கீழே கையைக் கொடுத்து, கயிற்றோடு சேர்த்து அணைத்து நிறுத்தினேன். நடுவர் பிரித்துவிட்டார். மறுபடி மடங்கினான், மறுபடி நிறுத்தினேன். அவன் மூலையில் இருந்தவர் சண்டையை நிறுத்தத் துண்டை எடுத்தார். முதலாளி திரும்பி முறைத்தார். துண்டு மறுபடி தோளுக்கே போனது.

ஒன்பதாவதில், கட்டிப் பிடித்திருக்கும்போது, என் காதில் சொன்னான்: "அண்ணே, விழ விட்டுருங்கண்ணே."

விடவில்லை.

பத்தாவது முழுக்கக் கூட்டம் ஆராரோ பாடியது. இந்தத் தடவை அவனுக்கு. நூற்று இருபது கிலோவை மார்போடு அணைத்துக்கொண்டு நான் மெதுவாக ஆடினேன். ஆமாம், ஆடிக் காட்டினேன், முதலாளியைப் பார்த்துக்கொண்டே. அவர் தாளம் நின்றுபோயிருந்தது.

மூன்று நடுவர்களும் எனக்கே புள்ளி போட்டார்கள்.

ஏப்ரல் 22

பத்து செகண்ட் துண்டு கிடைத்துவிட்டது. நான் இடியைத் தூங்க வைப்பது. எல்லோர் போனிலும் அதுதான். கீழ்வீட்டுக்காரர் படிக்கட்டில் நிறுத்திக் காட்டினார். இனித்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, தேனாக இனித்தது. நாலு தடவை போடச் சொல்லிப் பார்த்தேன்.

ஏப்ரல் 25

விழ விட்டுருங்கண்ணே.

பல் தேய்க்கும்போது கேட்கிறது. குக்கர் விசில் அடங்கினால் கேட்கிறது. அவன் என்னை என்ன செய்தான்? கிளவுஸ் கட்டிவிட்டான்.

ஏப்ரல் 30

முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார், கூடை நிறையப் பழத்தோடு. முகத்தில் நான் பூசிய கரி எங்கே என்று தேடினேன். ஒரு பொட்டுகூட இல்லை.

"நீ இப்ப சரக்கு தம்பி. ஊரே உன்மேல கடுப்புல இருக்கு. தாலாட்டை எவன் தூங்க வைப்பான்னு பார்க்க வரிசையில நிப்பாங்க. உன் பேர்தான் போஸ்டர்ல மேல."

"இடி?"

"அவன் எங்க? அந்தத் துண்டைப் பார்த்துட்டு எவன் டிக்கெட் வாங்குவான்? கூடத்துல இருக்கான். புதுசா ஒருத்தனைப் பிடிச்சிருக்கேன், சுத்தியல்னு பேர் வச்சிருக்கேன். அவனுக்கு மெத்தையா நிக்கறான்."

குறி வைத்தது ஒருவனை, பட்டது இன்னொருவன்மேல். நான் எப்படி அடித்தாலும் அதையும் விற்றுவிடுபவர் இந்த ஆள். என் படத்தை மறுபடி மாட்டிவிட்டதாகவும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பழத்தை வீட்டுக்காரி தொடவில்லை. கூடையோடு கீழ்வீட்டுக்குப் போய்விட்டது.

மே 11

எதிர்ச்சுவரில் இடிமேல் சுத்தியலை ஒட்டிவிட்டார்கள். ஓரத்தில் இடியின் காது மட்டும் தெரிகிறது.

மே 19

காலையில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் இடி. புருவத்தில் பிளாஸ்திரி. வீட்டுக்காரி முதலில் அவன் வாயைத்தான் பார்த்தாள், தொழில் பழக்கம்.

அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று கையைத் தொங்கவிட்டேன். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். நாற்காலி முனகியது.

"தம்பி, அன்னிக்கு நான்..."

"அதை விடுங்கண்ணே. அந்தச் சுத்தியல் இருக்கான்ல, மூணாவது ரவுண்டுல வலது காலை இழுக்கறான். முதலாளி இன்னும் பார்க்கல."

நான் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவனோட மோத ஆள் தேடிட்டிருக்காங்க. நேத்து முதலாளி கூடத்துக்கு வந்திருந்தாரு. சுத்தியல் ஒரு குத்து விட்டான், காத்துதான் பட்டுச்சு. விழுந்துட்டேன்."

"நல்லா விழுந்தியா?"

"நீங்க விழ விடாததையும் சேத்து விழுந்தேன்."

வீட்டுக்காரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உருப்பட மாட்டீங்க" என்றாள். இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள். முதலாளிக்குப் போன் செய்து, எனக்கு அந்தப் போஸ்டர் வேண்டாம், சுத்தியலோடு மோத ஆள் வேண்டுமென்றால் இடியைக் கேட்டுப் பாருங்கள் என்றேன். பாவம், சட்டென்று ஒத்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் மேசையைச் சுவரோரமாக நகர்த்தினோம். இடி என் எதிரில் வந்து நின்றான்.

"ஒருத்தனை விழாம எப்படிண்ணே பிடிக்கறது?"

அவன் அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்துக் காட்டினேன்.