ரொவீனா கழற்றச் சொன்ன கொடி

ஹாப்லி,
ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரொவீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். அங்கே ஸ்காட்லாந்தில், இன்வர்னஸில் நீயும் மாப்பிள்ளை ஸ்ட்ரூவனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்றும், உன் கோபம் கொஞ்சமாவது தணிந்திருக்கும் என்றும் நம்புகிறேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்று உன் அம்மாதான் பேனாவைக் கையில் கொடுத்தாள். தோட்டத்தில் அவரை நன்றாகப் பூத்திருக்கிறது, நீ வரும்போது பறிக்கலாம். பக்கத்து வீட்டுப் பூனை மறுபடியும் குட்டி போட்டு நம் கொட்டகையில் கொண்டுவந்து வைத்திருக்கிறது, இந்த வீட்டில் பூனையே கூடாது என்று சொல்லிக்கொண்டே அம்மா தினமும் பால் வைக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் சம்பந்தி கெடிஸையும் அவர் மனைவியையும் முதல்முறையாக நம் வீட்டுக்கு அழைத்து வருவதாகச் சொன்னாய், எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மூச்சிலேயே முன் ஜன்னலில் இருக்கும் இங்கிலாந்துக் கொடியைக் கழற்று என்றாய். "அவங்க பார்த்தா என்னப்பா நினைப்பாங்க, நீங்களும் அந்த மாதிரி ஆளுன்னு நினைச்சுட மாட்டாங்களா" என்றாய். எந்த மாதிரி ஆள் என்று நான் கேட்டதும், கொடி இருந்தால் நாங்கள் எல்லோரும் ஓட்டலில் தங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். சொந்த வீடு இருக்கும்போது என் மகள் ஓட்டலில் தங்குவதா என்று எனக்குத் தாங்கவில்லை. ரோஷமோ பயமோ தெரியவில்லை, அன்று சாயங்காலமே அதைக் கழற்றிச் சுருட்டி சோபா மெத்தைக்கு அடியில் செருகிவிட்டேன். அம்மா பார்த்தாள், டீக் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், ரொவீனா. உன் கல்யாணத்தன்று அங்கே ஸ்காட்லாந்தின் நீலக் கொடிதான் எத்தனை, கேக்கின் மேல்கூட ஒன்று குத்தியிருந்தது. ஆண்கள் எல்லோரும் கட்டம் போட்ட பாவாடையும் முழங்கால் வரை காலுறையுமாக ராஜாக்கள் மாதிரி நடந்தார்கள். நான் சாம்பல் நிறக் கோட்டில் மின்சார மீட்டர் பார்க்க வந்தவன் போல நின்றேன். "உங்க ஊர் உடுப்பு எதுங்க" என்று சம்பந்தி கேட்டார், மழைக்கோட்டுதான் என்றேன், வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் பொறாமையாக இருந்தது. இந்தப் பக்கம் வேல்ஸ்காரர்களைப் பார், அவர்கள் புனிதரின் நாளான மார்ச் முதல் தேதி வந்தால் கைக்குழந்தையின் சட்டையிலும் மஞ்சள் பூ. அயர்லாந்துக்காரர்களின் புனிதர் நாளுக்கு நம் ஊர் மதுக்கடையே பச்சைத் தோரணம் கட்டிக்கொள்கிறது. நம் இங்கிலாந்தின் புனிதர் ஜார்ஜின் நாள் ஏப்ரலில் எப்போது என்று கேட்டால் அதே கடையில் பாதிப் பேர் கூரையைப் பார்ப்பார்கள். நம் கொடி வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை, அதை ஜன்னலில் கட்டினால் தபால்காரர் "இன்னைக்கு கால்பந்தா" என்று கேட்கிறார். வேறு யார் வீட்டுக் கொடியைப் பார்த்தாவது யாராவது இப்படிக் கேட்பார்களா சொல்.

நீ ஏன் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன வருஷம் யாரோ ராத்திரியோடு ராத்திரியாக விளக்குக் கம்பங்களிலெல்லாம் இந்தச் சிலுவைக் கொடியைக் கட்டிவிட்டுப் போனார்கள். அதைப் போர்த்திக்கொண்டு, வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களைக் கேவலமாகத் திட்டிய ஆட்களை நானும் டிவியில் பார்த்தேன், எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் நம் வீட்டுச் சாமானை ஒரு ரௌடி தூக்கிக்கொண்டு போனால் அது அவனுடையது என்று எழுதிக் கொடுத்துவிடுவோமா? இதை அன்றைக்கே போனில் சொல்லியிருக்க வேண்டும், எனக்குத்தான் நல்ல பதிலெல்லாம் போனை வைத்த பிறகு தோன்றும்.

நேற்று நம் எல்லை ஓடையில் கயிறு இழுக்கும் போட்டி நடந்தது. அந்தக் கரையில் வேல்ஸின் பெண்ட்ரே ஊர்க்காரர்கள், இந்தக் கரையில் நாம், தோற்றவர்கள் தண்ணீரில், உனக்குத் தெரியாததா. இந்த வருஷம் புதிதாக ஒன்று சேர்த்தார்கள், ஜெயித்தவர்களின் கொடி அடுத்த போட்டி வரை நடைபாலத்துக் கம்பத்தில் பறக்க வேண்டும் என்று. அவர்கள் வேல்ஸின் சிவப்பு டிராகன் கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியப் பாடியபடி வந்தார்கள். நாம் வழக்கம்போல பிரிட்டன் முழுவதற்குமான யூனியன் ஜாக் கொடியை ஏற்றினோம். அவர்களுடைய தலைவர் இத்வலை நினைவிருக்கிறதல்லவா, சின்ன வயதில் உன்னைத் தன் டிராக்டரில் ஏற்றிச் சுற்றுவாரே, அவர் பாலத்தைத் தாண்டி வந்து இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். "ஏம்பா வில்ஃப்ரெட், இது எல்லாருக்கும் பொதுக் கொடியாச்சே. அதுல எங்க டிராகனைச் சேர்க்காம விட்டீங்க, அந்தச் சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். நீங்க ஜெயிச்சு இதை ஏத்தினா நாங்களும் ஜெயிச்ச கணக்குத்தானே? உங்களுக்குன்னு சொந்தமா ஒண்ணு இல்லையா" என்றார். போகிற போக்கில் "அதையும் தலைகீழா வேற கட்டியிருக்கீங்க" என்றார். அகலமான வெள்ளைப் பட்டை கம்பத்துப் பக்கம் மேலே வர வேண்டும், கீழே இருந்தது. எத்தனை வருஷமாக அப்படிக் கட்டுகிறோமோ ஆண்டவனுக்குத்தான் தெரியும். பெண்ட்ரே கூட்டம் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது.

அவ்வளவுதான், நம்மவர்களுக்கு ரோஷம் வந்து ஊர் மன்றத்து அலமாரியைக் குடைந்தார்கள். சிலுவைக் கொடி ஒன்று கிடைத்தது, கால்பந்து சமயத்தில் இலவசமாகக் கொடுத்தது, நட்ட நடுவில் பீர் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில். இன்னொன்று கார் ஜன்னலில் செருகுவது, கைக்குட்டை அளவு, குச்சி வேறு உடைந்திருந்தது. "வில்ஃப்ரெட் வீட்டு ஜன்னல்ல ஒண்ணு இருக்குமே" என்று யாரோ சொல்ல எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கழற்றிவிட்டேன் என்றேன். ஏன் என்றார்கள், மகள் சொன்னாள் என்றேன். எனக்குக் கூசிப்போயிற்று. நம் தெருமுனைக் கடை பர்மிந்தர்தான், எப்போதும் கயிற்றில் கடைசி ஆளாக நின்று காலை ஊன்றிப் பிடிப்பவள், கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள், "எதுக்கு மாமா கழட்டினீங்க? விளக்குக் கம்பத்துல கட்டினவன் யாருன்னு எனக்குத் தெரியாது, அன்னைக்கு நான் பயந்துதான் போனேன், பிள்ளைங்களை ஸ்கூலுக்கு நடத்தியே அனுப்பல. ஜன்னல்ல கட்டினவரை எனக்குத் தெரியும். பாலை மறந்துட்டு தினமும் நான் கடை சாத்துற நேரமாப் பார்த்து வந்து கதவைத் தட்டுற மனுஷன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது, மூக்கைச் சிந்துவது போல் திரும்பிக்கொண்டேன். "எங்கப்பா பஞ்சாப்ல இருந்து வந்தவரா இருக்கலாம், நான் இங்க பிறந்தவ மாமா, எந்தக் கொடிக்காக வருஷா வருஷம் ஓடைத் தண்ணியைக் குடிக்கிறேன்னு எனக்கும் தெரிய வேணாமா, வண்டியில ஏறுங்க" என்றாள்.

அவளுடைய சரக்கு வண்டியில் வீட்டுக்குப் பறந்து வந்து சோபாவுக்கு அடியிலிருந்து உருவினால், ஒரே சுருக்கம். உன் அம்மா வாசலை மறித்துக்கொண்டாள். "அங்க மொத்த வேல்ஸும் பார்த்துக்கிட்டு நிக்குது, இந்தக் கோலத்துல இங்கிலாந்தை அனுப்ப மாட்டேன்" என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிட்டாள். பர்மிந்தர் வெளியே ஹார்ன் அடிக்கிறாள், இவள் ஓரத்தையெல்லாம் நீவி நீவித் தேய்க்கிறாள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெண்ட்ரேக்காரர்கள் தெரிந்த பாட்டையெல்லாம் பாடி முடித்து முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார்கள்.

கொடியை ஏற்றினோம். இது தலைகீழாகக் கட்டவே முடியாத கொடி என்று நான் சொன்னதற்கு இத்வல்கூடக் கை தட்டினார். அப்புறம் அவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு, நாம் பாடுவோம் என்று மரியாதையாகக் காத்து நின்றார்கள். என்ன பாடுவது? அரசரை வாழ்த்துகிற பாட்டும் பொதுப் பாட்டுத்தானே, இங்கிலாந்துக்கென்று தனியாக நமக்கு ஏது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், யாரோ தொண்டையைக் கனைத்தார்கள், கடைசியில் "சரி, ஆரம்பிக்கலாமா" என்றேன். வெட்கமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை, மகளே. அந்தச் சிலுவைக்குக் கீழே அசட்டுச் சிரிப்போடு வரிசையாக நின்ற நம் ஆட்களைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இவர்கள் என் ஜனங்கள் என்று உரக்கக் கத்தலாம் போல இருந்தது.

தோற்றோம். நன்றாகவே தோற்றோம், பர்மிந்தர் கடைசி வரை விடவில்லை, அதனால் எல்லோருக்கும் பிறகு, எல்லோரையும் விடப் பெரிய சத்தத்தோடு விழுந்தாள். பாலத்தில் இப்போது டிராகன்தான் பறக்கிறது, பறக்கட்டும், நியாயமாக ஜெயித்தார்கள். டீயும் சாண்ட்விச்சும் சாப்பிடும்போது இத்வல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இவ்வளவு வருஷமா ஜெயிக்கிறோம் வில்ஃப்ரெட், யாரை ஜெயிக்கிறோம்னே தெரியாம இருந்துச்சு. இன்னைக்குத்தான்யா ருசியா இருக்கு" என்றார். கேலி இல்லை, மனதாரச் சொன்னார். பக்கத்து ஊர்க்காரனுக்கே நாம் யாராவது ஒருவராக இருக்க வேண்டியிருக்கிறது, நாம்தான் கூச்சப்பட்டு ஒளிந்துகொண்டிருந்திருக்கிறோம்.

ஆகையால் கொடி மறுபடியும் ஜன்னலுக்கு வந்துவிட்டது. அம்மா இன்னொரு தடவை தேய்த்துக் கொடுத்தாள். இனி அதைக் கழற்ற மாட்டேன். அப்பா பிடிவாதக்காரர் என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள். நீ இல்லாத வீட்டில் கொடி கட்டி என்ன ஆகப்போகிறது என்றும் ராத்திரி நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை. உன்னை நான் யாருக்கும் தலைகுனிய வைக்க மாட்டேன், நீயும் என்னைப் பார்த்துத் தலைகுனிய வேண்டாம்.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும். சம்பந்தி இருவரையும் கேட்டதாகச் சொல். வடக்கே ஜூனிலும் குளிர் விடாது, காலையில் ஓடப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

ஓட்டலில் அறை எடுத்து வைத்திருந்தால் மறக்காமல் ரத்து செய்துவிடு. சம்பந்தியிடம் அவருடைய நீலக் கொடியையும் எடுத்து வரச் சொல். மாடியில் உன் அறை ஜன்னலும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது, அதில் நானே என் கையால் கட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
வில்ஃப்ரெட் பெபிங்டன்