மூன்று பெடல், நான்கு முழங்கால் கம்பி

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உங்கப்பாவும் சௌக்கியமாக, வழக்கம்போலச் சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இருமல் விட்டதா? ஃபோனில் "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லும்போதே இருமினாய், எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. மாடி வீட்டுக் குழாய் ஒழுகி நம் சமையலறைச் சுவரில் படர்ந்த ஈரத்தை ஒருவழியாக ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார், பார்த்துவிட்டு மட்டும்தான் போனார். எங்கள் திரைச்சீலைப் பட்டறைக்கு ஒரு ஹோட்டல் முழுவதற்கும் மொத்தமாக ஆர்டர் வந்து, தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவே நேரமில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ படம் அனுப்பிய பளபளப்பான புது பெடல் ஸ்டீல் கிட்டாரை விட்டுவிட்டு "ஏம்மா அந்தப் பழசப் போய் வாங்கின" என்று கேட்டாயே, அதற்கு ஃபோனில் பதில் சொன்னால் உங்கப்பா காதில் விழும், அதனால்தான் இந்தக் கடிதம்.

லிஃப்ட் வேலை பார்க்கும்போது கதவில் மாட்டி உங்கப்பாவின் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காமல் போனது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் எப்படி இருந்தார் என்பதுதான் உனக்கு முழுதாகத் தெரியாது, ஃபோனில் நன்றாக நடிப்பார். வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டார். வாரக் கடைசியில் கூட்டாளிகளோடு போய் வாசித்துவிட்டு வருவாரே, அது போனதைத் தாங்க முடியவில்லை. கிட்டார் அலமாரிமேல் ஏறிவிட்டது. ரேடியோவில் கிட்டார் சத்தம் வந்தால் தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து போய்விடுவார், எத்தனை தண்ணீர்தான் குடிப்பார் ஒரு மனுஷன். அப்போதுதான் கடைத்தெருவில் இசைக்கருவி விற்கிறவர் எனக்கு இதைப் பற்றிச் சொன்னார். எதைப் பழுதுபார்க்கக் கொடுத்தாலும் "நாளைக்கு" என்பாரே, நாம் நாளைக்காரர் என்று கூப்பிடுவோமே, அவர்தான். மேஜை மாதிரி நாலு காலில் நிற்கும், பத்துக் கம்பி, இடது கையில் ஒரு இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பிமேல் நகர்த்தினால் போதும், சுருதியை ஏற்றி இறக்குவதெல்லாம் பாதமும் முழங்காலும் என்றார். "சொல்லப்போனா அந்த ரெண்டு விரலும் உருளைக்குப் பின்னாடி கம்பிமேல நீட்டிப் படுத்திருக்கணும்மா, இல்லன்னா கொரகொரன்னு சத்தம் வரும். மத்தவங்களுக்கு அதப் பழகவே மாசக்கணக்காகும்" என்றார். எனக்குக் கடையிலேயே கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

உங்கப்பாவைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனதே பெரிய கதை. உன் மாமா அவர் புது வேனில் கொண்டுபோய்விட்டார், வழியெல்லாம் "ஆழம் தெரியாம கால விடாதக்கா" என்று எனக்கு உபதேசம் வேறு. கடையில் எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் மூன்று இருந்தன. ஒன்று நீ படம் அனுப்பியதேதான், புதுசு, மினுமினுவென்று கண்ணைப் பறித்தது, ஆனால் பெடல் மூன்று இருந்தாலும், நாலு இருக்க வேண்டிய முழங்காலால் தள்ளுகிற இரும்புக் கம்பி ஒன்றே ஒன்று. நாளைக்காரரே உண்மையைச் சொல்லிவிட்டார், பழக ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்ற மூன்றும் வேண்டியிருக்கும், அப்புறம் இதை விற்றுவிட்டு வேறு தேட வேண்டும் என்று. இன்னொன்று பெரிதாக, இரட்டைக் கழுத்தோடு, தூக்குவதற்கே நாலு ஆள் வேண்டும், அடியில் பாதிக் கம்பிகள் காணோம். மூன்றாவதுதான் நம் வீட்டுக்கு வந்தது. மேலே கீறல், ஒரு கால் வேறு நிறம், ஆனால் மூன்று பெடல், நான்கு முழங்கால் கம்பி, எல்லாம் முழுசாக. உங்கப்பா நாலு பேர் முன்னால் உட்கார மாட்டேன் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரி என்று நானே உட்கார்ந்துவிட்டேன். பட்டறை மெஷினில் முழங்காலால் ஒரு கம்பியைத் தள்ளினால் துணியை அமுக்குகிற பாதம் மேலே எழும்பும், பார்த்திருப்பாயே, வருஷக்கணக்காக அதைத் தள்ளிய முழங்கால் இது. ஒவ்வொரு பெடலாக மிதித்துவிட்டேன், ஒவ்வொரு கம்பியாகத் தள்ளிவிட்டேன், விட்டதும் சத்தம் பழைய இடத்துக்கே ஒழுங்காகத் திரும்புகிறதா என்று கேட்டேன். ஆட்டமில்லை, இடறலில்லை. நாளைக்காரர் "வாசிக்கப்போறது யாரு, நீங்களா அவரா" என்று கேட்டுச் சிரித்தார். விலை குறைந்த இதை எடுத்ததால்தான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெடலும், ஒரு சின்ன ஸ்பீக்கரும், உருளையும், விரலில் மாட்டுகிற நகங்களும் சேர்த்து வாங்க முடிந்தது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கையை விரித்துக்கொண்டு நிற்கக்கூடாது பார்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய மனுஷர் உங்கப்பா என்ன செய்தார் தெரியுமா, ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டார். "அப்புறம் பார்க்கலாம்" என்றார், மறுநாளும் அப்புறம்தான். வாரம் போகப் போக அதன்மேல் இஸ்திரி போட வேண்டிய துணியெல்லாம் குவிந்தது. வேண்டாம் என்றால் மாசக் கடைசிக்குள் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று நாளைக்காரர் சொல்லியிருந்தாரா, அதைப் பிடித்துக்கொண்டார். "இந்த வயசுல எனக்கெதுக்கு, குடுத்துடு, மச்சானை வேன் எடுத்துட்டு வரச் சொல்லு" என்று ஒரே பிடிவாதம். நானும் எவ்வளவுதான் சொல்வேன், உன் மாமாவை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன், அதை உன்னிடம் மறைப்பானேன்.

திருப்பிக் கொடுப்பதென்றாலும் அழுக்காகக் கொடுக்கலாமா? சனிக்கிழமை மத்தியானம் போர்வையை எடுத்துவிட்டு மெஷின் எண்ணெயும் துணியுமாக உட்கார்ந்தேன். துடைத்துக்கொண்டே வந்தால் வலது பக்க ஓரத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் திருகுகள் வரிசையாக இருந்தன. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, ஒன்று பாதியில். இதென்ன இப்படித் தாறுமாறாகக் கிடக்கிறது, யாரும் கவனிக்கவே இல்லை போலிருக்கிறது என்று நானும் பொறுப்பாக எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குத் திருகிவைத்தேன், நூல் பிடித்த மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது. அப்புறம் பெடலை மிதித்து ஒரு மீட்டு மீட்டினேன் பார், அப்படி ஒரு ஓலம். ஒவ்வொரு பெடலும் கம்பியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று அளந்து வைத்த திருகுகளாம் அவை, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

உங்கப்பா முகத்தில் பாதிச் சோப்பு நுரையோடு சவரத்தை விட்டுவிட்டு ஓடிவந்தார். "என்னடி பண்ணின அத?" என்றார். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். நாளைக்காரருக்கு ஃபோன் போட்டால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும். "இப்படியே திருப்பிக் குடுத்தா நம்ம மானம் என்னாகும்" என்று சொல்லிவிட்டு உங்கப்பா தரையில் உட்கார்ந்தார், என்னை ஸ்டூலில் உட்காரவைத்தார். நான் மிதிக்க, அவர் கேட்டுக் கேட்டுத் திருக, "இன்னும் கொஞ்சம், விடு, மறுபடியும் மிதி, அந்தக் கம்பி இல்ல, அடுத்தது" என்று சாயங்காலம்வரை ஒரே அதட்டல். இவ்வளவு அதட்டி எவ்வளவு காலமாயிற்று, எனக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் சந்தோஷம் வந்தது. கடைசியில், நான் மீட்டுகிற மீட்டு சரியில்லையாம், "எந்திரி, எந்திரி" என்று ஸ்டூலைப் பிடுங்கிக்கொண்டார். சுருதி சரியா என்று பார்க்க உருளையை வைத்தார், அந்த இரண்டு விரலும் அதன் பின்னால் போய்த் தாமாகவே படுத்துக்கொண்டன. அவர் அதைப் பார்த்தார், நான் பார்க்காத மாதிரி சமையலறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் உன் மாமா கயிறும் கையுமாக வந்து வாசலில் நின்றார். உங்கப்பா விடிந்ததிலிருந்தே அதன் முன்னால்தான், இடது முழங்காலைத் தப்பாகத் தள்ளித் தள்ளித் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். "அத்தான், ஏத்திடலாமா?" என்றார் உன் மாமா. உங்கப்பா தலையைத் தூக்கவே இல்லை, "கதவச் சாத்து மச்சான், தெருச் சத்தம் கேக்குது" என்றார். உன் மாமா உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுக் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாசிப்பு இன்னும் சகிக்கவில்லைதான், உள்ளதைச் சொல்ல வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, இருமலுக்கு மருந்து எடு, மாப்பிள்ளையை நாங்கள் ரொம்பக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் குறையொன்றுமில்லாமல், மனசு நிறைந்து இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த தடவை ஃபோன் பண்ணும்போது உங்கப்பாவிடம் எப்படி வாசிக்கிறீர்கள், விரல் வலிக்கிறதா என்றெல்லாம் கேட்காதே. "வேலையா இருக்கீங்களாப்பா?" என்று மட்டும் கேள். "ஆமாம்மா, அப்புறம் பேசறேன்" என்று சட்டென்று வைத்துவிடுவார். வருத்தப்படாதே, வைக்கட்டும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா